புளிக்கறை பட்ட கடிதம்

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து கதை எழுதினவள், வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள், கண்ணாடி போட்டால் இன்னும் கண் தெரிகிறது, அவ்வளவுதான் என் தகுதி. உயிருள்ள உரைநடையை எழுதுவது எப்படி என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நானும் என்னென்னவோ பேசி ஒப்பேற்றினேன். சால்வை போர்த்தினார்கள், சாத்துக்குடி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாத்துக்குடியை உரிக்கும்போதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் முடியாது. சிலேட்டைக் கோவை இலையால் துடைப்பது எதற்கு, கடிதத்தின் ஓரத்தில் மஞ்சள் எதற்கு என்று ஒவ்வொன்றாக விளக்குவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். என் வயசுக்காரர்களான உங்களிடம் என்றால் பாதி சொல்லும்போதே மீதி விளங்கிவிடும்.

யுத்த காலம். நாமெல்லாம் சேலம் ஜில்லாக்காரர்களாக இருந்த காலம். எங்கள் ஊர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் ரோட்டில், வண்டியை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் வரும். எனக்குப் பத்து வயசு. ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பேனா பிடிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, கல்யாணமாகி ஒரு வருஷமே ஆன சின்னம்மா. சித்தப்பாவை நடக்கிற வயசிலிருந்து தூக்கி வளர்த்தது அப்பாதான். அதனால் அவர் மேல் பாசமும் அப்பாவுக்கு உண்டு, அடிக்கிற உரிமையும் தனக்கு உண்டு என்ற நினைப்பும் உண்டு.

கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தோல் சாலில் நீர் இறைப்பதை எங்கள் பக்கம் கவலை என்போம். உங்களில் சிலர் கமலை என்பீர்கள். அந்த வருஷம் ஐப்பசியில் கவலைக் கயிறு நைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சித்தப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். அடுத்த சந்தைக்குப் பார்க்கலாம் என்று அப்பா தள்ளிப்போட்டார். அன்றைக்குச் சித்தப்பா ஓட்டிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தது. பாரம் திடீரென்று விட்டுப்போனதில் மாடு இரண்டும் முன்னால் போய் விழுந்தன. அதில் செவலை மாட்டுக்கு முன்னங்கால் முட்டி பெயர்ந்துவிட்டது. ஓடி வந்த அப்பா மாட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சித்தப்பாவின் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி அவரையே விளாசினார். மூன்று அடி. களை எடுக்கிற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்த சின்னம்மாவும் பார்த்தாள்.

சித்தப்பா வயலிலிருந்து அப்படியே ரோட்டுக்கு நடந்தார். செருப்பு வீட்டு வாசலில் கிடந்தது, அதை எடுக்கக்கூட வரவில்லை. தருமபுரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக்கொடுத்தது. தான் சௌக்கியம் என்றும், தன்னைத் தேட வேண்டாம் என்றும், லீவு கொடுத்தாலும் ஊருக்கு வருவதாக இல்லை என்றும் மூன்று வரி.

அப்பா பதிலுக்குக் கடிதம் போட்டார். அதாவது நான் போட்டேன். எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது ஒரு சடங்கு. அப்பா குளித்துத் திருநீறு பூசி நடுவீட்டில் உட்காருவார். நான் மசிக்கூடும் கட்டைப் பேனாவுமாக எதிரில். மற்றவர்கள் சுற்றி. அவர் சொல்லச் சொல்ல எழுதி, பிறகு எல்லாரும் கேட்கப் படித்துக் காட்ட வேண்டும். "சிரஞ்சீவி தம்பிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது. மழை சுமார். மற்றவை நேரில்." இவ்வளவுதான். மாடு நொண்டுவதை எழுத மாட்டார். கயிறு மாற்றியதை எழுத மாட்டார். கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மடிக்க வேண்டும். மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, ஓரத்தில் கரி தீற்றியிருந்தால் சாவுச் சேதி. எழுத்துத் தெரியாதவர்கள் மூலையைப் பார்த்தே நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் விடுவதும் உங்களுக்குத் தெரியாததா?

அப்படி நாலு கடிதம் போயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை.

மாசி பிறந்து புளி உலுக்கினார்கள். எங்கள் ஊரில் புளிக் காலம் என்றால் வீடு முழுக்கப் புளிதான். வாசலில் அம்பாரமாகக் கொட்டிக் கட்டையால் தட்டி ஓடு நீக்குவார்கள். பிறகு நார் உரித்து, அரிவாளில் கீறிக் கொட்டை எடுப்பார்கள். இரும்பும் புளியும் சேர்ந்து பெண்களின் விரலெல்லாம் கருத்துப்போகும். என்ன தேய்த்தாலும் போகாது. சாதத்தில் புளி வாசனை, பாயில் புளி வாசனை, என் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே வாசனை. பல் கூசக் கூசத் தின்றுகொண்டே இருப்போம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் சின்னம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து கொட்டை பொறுக்குவேன்.

அப்போதுதான் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். சந்தையில் அப்பாவைப் பார்த்து, எல்லாருக்கும் பதினைந்து நாள் லீவு கொடுக்கிறார்கள், பங்குனி முடிவதற்குள் கப்பல் ஏற்றிவிடுவார்கள், உங்கள் தம்பிமட்டும் லீவே கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். கப்பல் ஏறினவர்கள் திரும்பி வருவது யார் கையில் இருக்கிறது? மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை கடிதம் எழுத வேண்டும் என்றார். தம்பியை லீவில் வரச்சொல்லி எழுதப்போகிறாராக்கும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சின்னம்மா என் காதோடு சொன்னாள். அப்பா சொல்லி முடித்துப் படித்துக்காட்டிய பிறகு, மடிப்பதற்கு முன்னால், அடியில் மீதியிருக்கும் இடத்தில் தன் பங்குக்கு இரண்டு வரி எழுத வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது. கடிதத்தை மடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தபால் பெட்டியில் போடுவது என் வேலைதானே. எனக்கு ஒரே பெருமை. யுத்தத்தில் காகிதம் கிராக்கி, தப்பாக எழுதினால் கிழிக்க முடியாது. அதனால் முதலில் சிலேட்டில் எழுதிப் படித்துக்காட்டுவது, பிடித்தால் காகிதத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்தோம்.

வியாசத்தில் எனக்குத்தான் வகுப்பில் முதல் மார்க். சும்மா விடுவேனா? முதல் நாள் எழுதினேன்: "பிராண நாதருக்கு, தங்களைக் காணாமல் அடியாளின் மனம் நீரற்ற தாமரைபோல் வாடுகின்றது." உரக்கப் படிக்க முடியாது, கிசுகிசுப்பாகப் படித்தேன். சின்னம்மா அரிவாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நம்ம ஏரில தாமர எங்க கண்ணு இருக்குது? நா இப்புடிப் பேசுனா எனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு நெனப்பாரு."

கோவை இலையைக் கசக்கித் துடைத்தேன். மறுநாள் தாமரையை விட்டுவிட்டு, தினமும் தங்களை நினைத்து அழுதுகொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவள் உண்மையாகவே அழுதுகொண்டுதான் இருந்தாள். அதையும் வேண்டாம் என்றாள்.

"அழுவறேன்னு எழுதுனா, அழுவறான்னு நெனப்பாரு. அவ்வளவுதான். அப்பறம் மணி அடிச்சா சாப்புடப் போயிருவாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் என்னதான் எழுதுவது, நீயே சொல் என்று சிலேட்டைத் தூக்கி அவள் மடியில் போட்டேன். அவளுக்கும் கோபம். தெரிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன் என்றாள். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை புளி தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, வாசல் ஓரத்தைக் காட்டினாள். சித்தப்பா விட்டுப்போன செருப்பு அங்கே அப்படியே கிடந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. இடது செருப்பின் வாருக்கடியில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"அத எழுது," என்றாள்.

செருப்பையா? கடிதத்திலா? நான் படித்த எந்தப் பாடத்திலும் செருப்பு வந்ததில்லை. சின்னம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றே முடிவு செய்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வாதாடத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா குளித்து உட்கார்ந்தார். சிரஞ்சீவி தம்பிக்கு அநேக ஆசீர்வாதம் என்றார். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்றார். அடுத்த வரிக்காக நான் பேனாவைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மெதுவாக, வரச்சொல்லி எழுதுங்க என்றாள். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை. மழை இல்லை, புளி நல்ல காய்ப்பு, மற்றவை நேரில் என்று முடித்துவிட்டு எழுந்துபோனார். நேரில் என்று அவர் சொன்னபோது குரல் சரியாக வரவில்லை. பெரியவர்களுக்கு எதை எழுத வேண்டுமோ அதுதான் எழுத வராது போலிருக்கிறது.

எல்லாரும் போன பிறகு நான் எழுதினேன்: "சின்னம்மா சொல்வது. நீங்கள் விட்டுப்போன செருப்பில் குளவி கூடு கட்டியிருக்கிறது. நான் கலைக்கவில்லை." இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அடியில் இன்னும் மூன்று விரற்கடை காகிதம் சும்மா கிடந்தது. கிராக்கியான காகிதத்தை வீணாக்கக்கூடாதே என்று, அன்று காலை நான் பார்த்ததை என் பங்குக்குச் சேர்த்தேன்: "அப்பா இப்போது சாட்டை இல்லாமல் கவலை ஓட்டுகிறார். மாடு நின்றுவிட்டால் தோள் துண்டை எடுத்து உதறுகிறார். மாடு நகர்வதில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கிறது. அவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்."

மஞ்சளைத் தானே தடவுவேன் என்று சின்னம்மா பிடிவாதம் பிடித்தாள். அந்தக் காகிதத்தில் அவள் கை படுவதற்கு அதை விட்டால் வேறு வழி ஏது? கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கையோடு வந்து, மஞ்சளைத் தொட்டு நாலு மூலையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மஞ்சள் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நானும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

சரியாகப் பதினோராம் நாள். புளி வேலை முடிகிற சமயம். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் தருமபுரி வந்து, அங்கிருந்து ஒரு வண்டியைப் பிடித்து ஊருக்குள் நடந்து வந்தார் சித்தப்பா. காக்கிச் சட்டை, பூட்ஸ், ஒட்ட வெட்டிய தலை. நான்தான் முதலில் பார்த்தேன். வாசலில் புளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்திருக்க முயன்று, முடியாமல், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். நாலு மூலையும் அட்டக்கரி.

"ஓரத்துல கருப்பப் பாத்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு ஒண்ணுமே ஓடலீங்கண்ணா. யாரையும் படிக்கச் சொல்லிக் கேக்கக்கூட இல்ல. அப்புடியே ஓடியாந்துட்டனுங்க."

அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு சின்னம்மாவின் விரலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, தம்பியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கொட்டை எடுத்த புளியில் ஒரு சுளையை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அண்ணனும் தம்பியும் சமாதானமானது அவ்வளவுதான். சாட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினைந்து நாள் இருந்தார். பிறகு கப்பல் ஏறினார். யுத்தம் முடிந்து முழுசாகத் திரும்பி வந்தார். வரும்போது அவருக்காக ஒரு வயசுப் பையன் காத்துக்கொண்டிருந்தான். அது தனிக் கதை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அப்பா அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். என் கல்யாணத்தில் சொன்னார், என் பிள்ளைகளுக்குச் சொன்னார். படிப்பெல்லாம் என்ன படிப்பு, புளிக்கறை அல்லவா என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று முடிப்பார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாலு நாள் சிலேட்டோடு மல்லுக்கட்டி எழுதினதை அவர் யாரையும் படிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் குமையும். பின்னாளில் என் கதை ஒன்று பத்திரிகையிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் புளி தடவி அனுப்பியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்பா போய் ஐந்தாறு வருஷம் இருக்கும். சித்தப்பாவுக்கு முடியவில்லை என்று பார்க்கப் போயிருந்தேன். அதற்குள் நான் வேலையிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டிலடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று ஞாபகம் வந்தது. அந்தப் பதினைந்து நாளும் சித்தப்பா வெறுங்காலோடுதான் நடந்தார். வந்த அன்றைக்குப் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசல் ஓரம் போனார். செருப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்தார். கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாருக்கு அடியில் இருக்கிற கூடு நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. முன்னாலேயே தெரிந்திருந்தால்தான் குனிந்து பார்க்கத் தோன்றும். ஐம்பது வருஷம் கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டவளுக்கு இது எப்போதோ உறைத்திருக்க வேண்டாமா?

கேட்டேன். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை என்று சொன்னீர்களே, குளவிக்கூடு உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார், அப்பா அங்கே நிற்கிறார் என்பதுபோல. பிறகு சொன்னார். கடிதம் வந்த அன்றே, எழுத்துத் தெரிந்த ஒரு கிருஷ்ணகிரிக்காரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் அந்த வயசில் தெரியாது. கூடாரமே கைகொட்டிச் சிரித்ததாம், இவருக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்றாம். அப்புறம் கடைசி வரிகளைப் படித்தானாம். அதைமட்டும் நாலு தடவை படிக்கச் சொல்லியிருக்கிறார். லீவு கேட்கும் நாள் தாண்டிப்போயிருந்ததால், கறை பட்ட மூலையை மேலே இருந்த துரையிடம் காட்டி, வீட்டில் சாவு என்று பொய் சொல்லி லீவு வாங்கியிருக்கிறார்.

இதை ஏன் அப்பாவிடம் கடைசிவரைக்கும் சொல்லவில்லை என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

"புளிக்கறைன்னு சொன்னதுல ரெண்டு பேரும் சிரிச்சம், பாப்பா. மாடு திரும்பிப் பாத்துச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருல ஒருத்தன் அழுதிருக்கணும். அண்ணன் அழுது நா பாத்ததில்ல. அத நா பாக்க வாணாமுன்னு இருந்துட்டேன்."

அடுக்களையிலிருந்து வந்து நின்ற சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போ நான் சொன்ன குளவிக்காக நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள். அதுக்குந்தான் என்றார் சித்தப்பா. சின்னம்மா அதை நம்பினமாதிரி தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள், போகும்போது எனக்குக் காபி வேண்டுமா என்று கேட்டாள்.

அவள் போனபிறகு சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அவர் உதடு அசைந்தது. என் பத்து வயசு எழுத்து, அந்தக் கிருஷ்ணகிரிக்காரன் எப்படிப் படித்தானோ அப்படியே, ஒரு சொல் பிசகாமல் வந்தது. "மாடு நகர்வதில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கிறது. அவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்."

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காகிதம் வீணாகிறதே என்று எழுதிய வரிகள் அவை.